சைவச் சமையலில் சலிப்பு தட்டிவிட்டதா? மீண்டு வரப் படிப்படியான வழிகாட்டி

ஏறக்குறைய எட்டு மாதங்கள் எங்கள் வீட்டில் ஒரே ஒன்பது பதார்த்தங்கள்தாம் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் யாரும் இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிடவும் இல்லை. சமைத்த எனக்கே சாப்பிடத் தோன்றாத நிலை வந்த பிறகுதான் இதைச் சரிசெய்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன். உடனே ஒரே வாரத்துக்கு ஏழு புதிய செய்முறைகளைத் தேர்ந்தெடுத்தேன். அவற்றுக்காகப் பதினொரு புதிய பொருள்களை வாங்கினேன். மூன்றாம் நாள் இரவு எட்டரை மணிக்குப் பாதி நறுக்கிய காய்களின் முன்னால் நின்றபடி ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டேன். அந்தப் பதினொரு பொருள்களில் ஆறு, வாய் திறந்த பொட்டலங்களாக அலமாரியிலேயே கிடந்து காலாவதியாயின.

அதன் பிறகு நிதானமாகத் தொடங்கி, தவறுகளைத் திருத்தித் திருத்திக் கண்டடைந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். தினமும் சைவம் சமைத்துச் சலித்தவர்களுக்கும், அண்மையில் சைவத்துக்கு மாறி நான்கு பதார்த்தங்களுக்கு மேல் தெரியாமல் திண்டாடுபவர்களுக்கும் இது பொருந்தும். முழுவதையும் செய்து முடிக்க ஆறு வாரங்கள் ஆகும். அவற்றுள் முதல் இரண்டு வாரங்களில் நீங்கள் எதையும் மாற்றப்போவதில்லை.

1. இரண்டு வாரம் எழுதி மட்டும் வையுங்கள்

ஒரு தாளில் ஐந்து பத்திகள் வரைந்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, பக்கத்திலேயே ஒரு பேனாவையும் கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, பதார்த்தம், சமைத்த விதம், சமையலறைக்குள் நுழைந்ததிலிருந்து சாப்பிட உட்கார்ந்தது வரை ஆன நிமிடங்கள், மிஞ்சியது ஆகிய ஐந்தும் போதும். இவற்றுள் மூன்றாவது பத்தியைத்தான் மிகவும் கவனமாக நிரப்ப வேண்டும்: வேகவைத்ததா, வதக்கியதா, பொரித்ததா, ஓவனில் சுட்டதா, பச்சையாகவே பரிமாறியதா என்று ஒரே சொல்லில் குறியுங்கள்.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. நினைவிலிருந்து சொல்லச் சொன்னால், நாங்கள் விதவிதமாகத்தான் சாப்பிடுகிறோம் என்று சத்தியமே செய்திருப்பேன். தாளில் இருந்த 28 வேளைச் சாப்பாட்டில் 21 வேளை, வெங்காயமும் தக்காளியும் வதக்கி, தண்ணீர் ஊற்றி, மூடிவைத்து வேகவைத்தவையாகவே இருந்தன. காய்கள் என்னவோ பன்னிரண்டு வகை. ஆனால் பன்னிரண்டும் ஒரே உடை உடுத்தி வந்தன. எல்லாமே மென்மையாக, ஈரமாக, கரண்டியால் அள்ளி ஊற்றும் பதத்தில் இருந்தன. புதிய காய் வாங்குவதால் இது தீராது என்பது அப்போதுதான் புரிந்தது.

நிமிடக் கணக்கும் இன்னொன்றைக் காட்டிக்கொடுத்தது. தினமும் 40 நிமிடத்தில் சமைப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் 65 நிமிடம் ஆனது. அதில் 20 நிமிடம், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன சமைப்பது என்று யோசித்த நேரம்.

2. உங்கள் சலிப்பு எந்த வகை என்று பாருங்கள்

இரண்டு வாரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்காருங்கள். சமைத்த விதம் என்ற பத்தியில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால், உங்கள் சிக்கல் சுவையிலும் பதத்திலும் இருக்கிறது. நிமிடங்கள் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால், சிக்கல் உழைப்பில் இருக்கிறது. பதார்த்தங்கள் போதிய அளவு வேறுபட்டிருந்தும் தினமும் மாலை மலைப்பாக இருந்தால், முடிவெடுப்பதில்தான் களைத்துப் போயிருக்கிறீர்கள். சுவைச் சலிப்புக்கு 3, 6, 7 ஆகிய படிகளும், உழைப்புச் சலிப்புக்கு 5 ஆம் படியும், முடிவெடுக்கும் களைப்புக்கு 9 ஆம் படியும் முக்கியமானவை. மூன்றும் சேர்ந்திருந்தால், எனக்கு இருந்ததைப் போல, வரிசைப்படியே செல்லுங்கள்.

3. நான்கு கட்டங்கள், ஒரு வேளைக்கு ஒரு மாற்றம்

எந்தச் சைவச் சாப்பாட்டையும் நான்கு கட்டங்களாகப் பிரித்துவிடலாம். முதலாவது அடிப்படை மாவுச்சத்து: சோறு, நூடுல்ஸ், பாஸ்தா, ரொட்டி, உருளைக்கிழங்கு. இரண்டாவது புரதம்: பருப்பு, கடலை, பீன்ஸ் விதைகள், டோஃபு (சோயாப் பாலைத் திரித்துச் செய்யும், பன்னீர் போன்ற கட்டி), பன்னீர், தயிர். மூன்றாவது காய். நான்காவது, மேலே ஊற்றும் அல்லது தூவும் சுவைப்பொருள். அதை மேல்சுவை என்று அழைக்கிறேன்.

இங்கே ஒரேயொரு விதிதான் உண்டு: ஒரு வேளையில் இந்த நான்கில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அல்லது நான்கையும் அப்படியே வைத்துக்கொண்டு சமைக்கும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். சோறு, கொண்டைக்கடலை, கேரட், தக்காளிக் குழம்பு என்பது உங்கள் வழக்கமான சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் கடலையையும் கேரட்டையும் குழம்பில் போடாமல் ஓவனில் மொறுமொறுப்பாகச் சுட்டு, சோற்றின்மேல் பரப்பி, தக்காளியைப் பச்சையாக நறுக்கி எலுமிச்சைச் சாற்றில் பிரட்டிப் பக்கத்தில் வையுங்கள். வாங்கிய பொருள் ஒன்றுகூடப் புதிதில்லை. ஆனால் வாயில் படும்போது அது வேறு சாப்பாடு.

நான்கையும் ஒரே நாளில் மாற்றுவதுதான் முதல் பொறி. அது தோற்றால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. வென்றாலும் எது காப்பாற்றியது என்று தெரியாது. வீட்டில் குழந்தைகளோ பழக்கத்தை விடாத பெரியவர்களோ இருந்தால், பழகிய முகங்கள் மூன்றுக்கு நடுவே புதியவர் ஒருவர் வருவதைத்தான் அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

4. வாங்குவதற்கு முன் அலமாரியைக் கணக்கெடுங்கள்

அலமாரியிலும் ஃப்ரீசரிலும் இருக்கும் அனைத்தையும் வெளியே எடுத்து எழுதுவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாதி உபயோகித்த பொட்டலங்களுக்கு நேராக ஒரு நட்சத்திரம் போடுங்கள். முதல் மாதச் சமையல் அவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் முதன்முதலில் கணக்கெடுத்தபோது நான்கு வகைப் பருப்பும் மூன்று பொட்டலம் பாஸ்தாவும் வெளிவந்தன. இவ்வளவும் இருக்கும்போதுதான் வீட்டில் ஒன்றுமில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

புதிய பொருளை வாங்குவதற்கு நான் கடைப்பிடிக்கும் கட்டுப்பாடு இது: அதை வைத்துச் செய்யக்கூடிய மூன்று பதார்த்தங்களைக் கடையில் நின்றபடியே சொல்ல முடிந்தால் வாங்கலாம், இல்லையென்றால் கூடாது. வாரத்துக்கு ஒரு புதிய பொருளுக்கு மேல் வேண்டாம். அதிலும் மிகச் சிறிய பொட்டலத்தையே எடுங்கள். பெரிய பொட்டலம் கிலோவுக்கு மலிவாகத் தெரியும், ஆனால் கடைசியில் குப்பைக்குப் போகும் பாதியையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த மலிவு காணாமல் போய்விடும்.

கடலை, பீன்ஸ் வகைகளை உலர்ந்ததாக வாங்குவதா, டின்னில் வாங்குவதா என்ற கேள்விக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 500 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலை வெந்த பிறகு ஏறக்குறைய 1.1 முதல் 1.2 கிலோ வரை ஆகிறது. 400 கிராம் டின் ஒன்றில் தண்ணீரை வடித்தால் கிடைப்பது 240 கிராம் அளவுதான். ஆகவே ஒரு அரைக் கிலோ பொட்டலம் ஏறத்தாழ ஐந்து டின்களுக்குச் சமம். உங்கள் கடையில் அந்த இரண்டு விலைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்; பெரும்பாலும் எரிபொருள் செலவைச் சேர்த்த பிறகும் உலர்ந்ததே மலிவாக இருக்கும். ஆனாலும் அலமாரியில் இரண்டு டின்கள் எப்போதும் இருக்கட்டும். ஊறவைக்க மறந்த நாளில், வெளியிலிருந்து சாப்பாடு வரவழைக்கும் செலவை அந்த டின்கள் மிச்சப்படுத்தும்.

புதிதாகச் சைவத்துக்கு மாறியவர்கள் இந்த இடத்தில் உறையின்மேல் அச்சிட்டுள்ள உட்பொருள் பட்டியலைப் படிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். பார்வைக்குச் சைவமாகத் தோன்றும் சில பொருள்கள் அப்படி இருப்பதில்லை. வூஸ்டர்ஷைர் சாஸில் வழக்கமாக நெத்திலி வகை மீன் சேர்கிறது. கிம்ச்சி என்ற கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாயிலும், குப்பியில் வரும் சில மசாலா விழுதுகளிலும் மீன் சாஸோ இறால் விழுதோ இருக்கலாம். பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலைத் திரிக்க உதவும் ரென்னெட்டைக் கொண்டு தயாரிக்கிறார்கள். விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சில தயிர் இனிப்புகளில் இருக்கும். ஈ120 என்று குறிக்கப்படும் சிவப்பு நிறம் பூச்சியிலிருந்து எடுக்கப்படுவது. சைவக் குறியீடு இருக்கிறதா என்று பார்ப்பதே விரைவான வழி. குறியீடு இல்லாத இடங்களில் பட்டியலை முழுதாகப் படிக்க ஒரு நிமிடம் செலவிடுங்கள்.

5. வாரத்தில் ஒரு நாள், ஒன்றேகால் மணி நேரம்

முழுச் சாப்பாடுகளை முன்கூட்டியே சமைத்துப் பெட்டி பெட்டியாக அடுக்கும் முறையை நான் இரண்டு வாரம் முயன்று கைவிட்டேன். நான்காம் நாள் பழைய பெட்டியைத் திறக்கும்போது சலிப்பு இரட்டிப்பாகிறது. அதற்குப் பதிலாக, எந்தச் சுவையையும் ஏற்றுக்கொள்ளும் பாதி வேலைகளை மட்டும் முடித்து வையுங்கள்.

முந்தைய இரவு 500 கிராம் கடலை அல்லது பீன்ஸ் விதையை நிறைய தண்ணீரில், ஒரு மேசைக்கரண்டி உப்புச் சேர்த்து, 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். உப்பு தோலை மென்மையாக்கும். கடலையைக் கடினமாக்கிவிடும் என்ற பயம் வேண்டாம். கடினமாக்குவது புளிப்புதான்: தக்காளி, எலுமிச்சை, வினிகர் ஆகியவற்றைக் கடலை முழுதாக வெந்த பிறகே சேர்க்க வேண்டும். மூன்று மணி நேரம் கொதித்தும் கல்லாகவே இருந்த ஒரு பானைக் கடலையை வைத்து இதை நான் கற்றுக்கொண்டேன்.

மறுநாள் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில், பிரஷர் குக்கரில் 15 முதல் 20 நிமிடம் வேகவையுங்கள். அது வேகும் நேரத்தில் ஓவனை 220 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, இரண்டு தட்டு நிறையக் காய்களைச் சுடுங்கள். ஒரு தட்டுக்காக மட்டும் ஓவனைச் சூடாக்குவது எரிபொருள் செலவுக்குக் கட்டுப்படியாகாது. காய்கள் சுடும் நேரத்தில் இரண்டு மேல்சுவைகளைக் கலந்து குப்பிகளில் அடைத்துவிடலாம். ஒரு கீரைக் கட்டைக் கழுவி, நன்றாக ஈரம் வடித்து, துணியில் சுற்றி வைப்பதோடு வேலை முடிந்துவிடும்.

ராஜ்மா பற்றி ஓர் எச்சரிக்கை. இந்த விதையில் இயற்கையாகவே லெக்டின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அரைவேக்காட்டில் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது 10 நிமிடம் கொதிக்கவிட்டு, பிறகு மென்மையாகும்வரை வேகவையுங்கள். மிதமான சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் பச்சை ராஜ்மாவைப் போடவே கூடாது. அந்தச் சூடு நச்சை அழிக்கப் போதாது. டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, அதனால் இந்தக் கவலை இல்லை.

6. செய்து பார்க்க எட்டுச் சாப்பாடுகள்

கீழே தந்துள்ள அளவுகள், வேறு குறிப்பு இல்லாத இடங்களில், இரண்டு பேருக்கானவை. நேரம், 5 ஆம் படியை முடித்திருக்கிறீர்கள் என்ற அடிப்படையில் கணக்கிட்டது.

தட்டில் சுட்ட காயும் கடலையும், 35 நிமிடம். இதிலிருந்து தொடங்குங்கள், இதுவரை வேகவைத்தே பழகியவருக்கு இதைவிடப் பெரிய மாற்றம் கிடைக்காது. 500 கிராம் காயை (கேரட், காலிஃபிளவர், ப்ரொக்கோலி, குடைமிளகாய், எதுவாயினும்) இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, வெந்த கடலை ஒன்றரைக் கோப்பையைத் துணியால் ஈரம் ஒற்றி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயும் உப்பும் சேர்த்துப் பிரட்டி, 220 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம் சுடுங்கள். எல்லோரும் விழும் பொறி, தட்டை நிரப்பி அடைப்பது. துண்டுகள் ஒன்றோடொன்று நெருக்கினால் வெளியேறும் நீராவி அங்கேயே தங்கி, காய் சுடப்படாமல் அவிந்துபோகும். தட்டின் தரை ஆங்காங்கே கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஓவன் இல்லாதவர்கள் கனமான வாணலியைப் புகையும் அளவுக்குச் சற்று முன்புவரை சூடாக்கி, காயை இரண்டு தவணையாகப் போட்டு, மூன்று நான்கு நிமிடம் கிளறாமலே விட்டுவிடுங்கள். கிளற வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

வேர்க்கடலைச் சாறு பிரட்டிய நூடுல்ஸ், 15 நிமிடம். மூன்று மேசைக்கரண்டி பீநட் பட்டர், ஒன்றரை மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, மூன்று நான்கு மேசைக்கரண்டி வெந்நீர் ஆகியவற்றைக் கலக்குங்கள். முதலில் திரிந்ததுபோலத் தோன்றும்; தொடர்ந்து கலக்கினால் சேர்ந்துவிடும். வேகவைத்த 200 கிராம் நூடுல்ஸை இதில் பிரட்டி, பச்சை வெள்ளரிக்காயையும் முட்டைக்கோஸையும் மெல்லியதாகச் சீவி மேலே குவியுங்கள்.

மசூர் பருப்பு சூப், 30 நிமிடம், நான்கு பேருக்கு. ஊறவைக்கத் தேவையில்லாத பருப்பு என்பதால் அவசரத்துக்கு இதைவிட நல்ல நண்பர் கிடையாது. ஒரு வெங்காயத்தையும் இரண்டு கேரட்டையும் வதக்கி, 200 கிராம் பருப்பும் ஐந்து கோப்பைத் தண்ணீரும் சேர்த்து 20 முதல் 25 நிமிடம் கொதித்தால் தானாகவே குழைந்துவிடும். பாதியை மட்டும் மசித்து, அடுப்பை அணைத்த பிறகு ஒரு முழு எலுமிச்சையைப் பிழியுங்கள்.

கொண்டைக்கடலை பாஸ்தா, 20 நிமிடம். நான்கு பல் பூண்டை எண்ணெயில் மெதுவாகப் பொன்னிறமாக்கி, ஒன்றரைக் கோப்பைக் கடலையைச் சேர்த்து, அதில் மூன்றில் ஒரு பங்கைக் கரண்டியால் நசுக்குங்கள். 200 கிராம் பாஸ்தாவை வடிப்பதற்கு முன் அந்தத் தண்ணீரில் ஒரு கோப்பையை எடுத்து வைக்க மறக்காதீர்கள். அதில் இருக்கும் மாவுச்சத்துதான், நசுக்கிய கடலையோடு சேர்ந்து, க்ரீம் இல்லாமலே க்ரீம் போன்ற பதத்தைத் தருகிறது.

மொறுமொறு டோஃபு, 25 நிமிடம். டோஃபு சப்பென்று இருக்கிறது என்று ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன். தவறு டோஃபுவிடம் இல்லை, அதிலிருந்த தண்ணீரில் இருந்தது. 400 கிராம் கெட்டி டோஃபுவைத் துணியில் சுற்றி, மேலே கனமான வாணலியை 15 நிமிடம் வைத்துப் பிழியுங்கள். பிறகு கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்துப் போடுங்கள். கரடுமுரடான ஓரங்களில்தான் மொறுமொறுப்பு பிடிக்கும். இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரும் உப்பும் தூவிப் பிரட்டி, மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் 8 முதல் 10 நிமிடம் எல்லாப் பக்கமும் சிவக்கவிடுங்கள். சாஸை அடுப்பை அணைத்த பிறகே ஊற்ற வேண்டும். முன்னதாக ஊற்றினால் பட்ட பாடெல்லாம் ஊறிப்போய்விடும்.

சிவக்க வைத்த முட்டைக்கோஸ், 25 நிமிடம். முட்டைக்கோஸைத் தண்டோடு சேர்த்துத் தடித்த ஆப்புகளாக வெட்டி, எண்ணெயில் ஒவ்வொரு பக்கமும் ஆறு ஏழு நிமிடம், கருகுவதற்குச் சற்று முந்தைய நிறம் வரும்வரை விடுங்கள். கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி, ஐந்து நிமிடத்தில் இறக்கி, பூண்டும் உப்பும் கலந்த தயிரின்மேல் வைத்துப் பரிமாறுங்கள். எங்கள் வீட்டில் முட்டைக்கோஸை வெறுத்த ஒருவர் இதை மட்டும் சாப்பிடுகிறார்.

மிஞ்சிய சோற்றை வறுப்பது, 12 நிமிடம். முந்தைய நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த சோறுதான் வேண்டும்; புதுச் சோறு ஈரத்தால் குழைந்துவிடும். தீயைக் குறைக்காதீர்கள், வாணலியை நிரப்பாதீர்கள்.

நசுக்கிய பீன்ஸ் வைத்த ரொட்டி, 10 நிமிடம். பூண்டெண்ணெயில் சூடாக்கிய வெந்த பீன்ஸை முள்கரண்டியால் நசுக்கி, வாட்டிய ரொட்டியில் தடவி, தக்காளித் துண்டுகளை அடுக்கி, மிளகுத்தூள் தூவுங்கள். இதைச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ளவே எனக்குச் சில மாதங்கள் ஆயின. களைத்துப் போன நாளுக்கு இது முழுச் சாப்பாடுதான்.

செய்முறைகளைப் படிக்கும்போது ஒரு பொய்யைக் கண்டுகொள்ளுங்கள்: வெங்காயத்தைப் பத்து நிமிடத்தில் நன்கு பழுப்பாக, இனிப்பாக வதக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். முடியாது. மெல்லிய தீயில் 45 நிமிடமாவது ஆகும். ஆகவே, விடுமுறை நாளில் ஒரு கிலோவை ஒரேயடியாக வதக்கி, சிறு பங்குகளாக ஃப்ரீசரில் வைத்துவிட்டால், மேற்சொன்ன பாஸ்தாவிலோ சூப்பிலோ ஒரு கரண்டி சேர்க்கும்போதெல்லாம் அந்த முக்கால் மணி நேரத்தின் பலன் கிடைக்கும்.

7. கடைசி நிமிடத்தில் புளிப்பும் மொறுமொறுப்பும்

ஏதோ குறைகிறது என்று தோன்றும்போது நாம் வழக்கமாக உப்பையோ காரத்தையோ கூட்டுகிறோம். முதலில் புளிப்பைச் சேர்த்துப் பாருங்கள்: ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறோ வினிகரோ போதும். அதன் பிறகும் குறைந்தால் தக்காளி விழுது, காளான், சோயா சாஸ் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்க்கலாம். இறைச்சிச் சாற்றில் உணரும் அந்த அடர்ந்த சுவைக்குக் காரணமான குளூட்டமேட் இவற்றிலும் இருக்கிறது. மொறுமொறுப்புக்கு வறுத்த எள், வேர்க்கடலை, எண்ணெயில் பொரித்த ரொட்டித்தூள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எப்போதும் குப்பியில் வைத்திருங்கள்.

8. மிஞ்சியதை எப்படி, எவ்வளவு நாள் வைப்பது

சமைத்த உணவை அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சோற்றில் இன்னும் கவனம் தேவை. பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் சோறு வெந்த பிறகும் உயிரோடு இருக்கும். வெளியில் கிடக்கும் சோற்றில் அது உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாளே முடித்துவிடுங்கள். ஒரே ஒரு முறைதான் சூடாக்கலாம், ஆவி பறக்கும்வரை.

வெந்த கடலையும் பீன்ஸும் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள் இருக்கும். மீதியை ஒன்றரைக் கோப்பைப் பங்குகளாக, அதாவது ஒரு டின் அளவாக, ஃப்ரீசரில் வைத்து மூன்று மாதத்துக்குள் உபயோகியுங்கள். பையின்மேல் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். உறைந்த பிறகு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

சத்தைப் பற்றி நீண்ட கவலை வேண்டாம். இரண்டு கணக்குகள் போதும். ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 0.83 கிராம் புரதம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 60 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 கிராம். வெந்த பருப்பு, கடலை வகைகளில் 100 கிராமுக்கு 9 கிராம் அளவில் இருக்கிறது. பால் பொருள்களையும் முட்டையையும் முற்றாக விட்டவர்கள் மட்டும் வைட்டமின் பி12 செறிவூட்டிய உணவையோ மாத்திரையையோ பற்றி மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள், ஏனென்றால் தாவர உணவிலிருந்து அதை நம்பிப் பெற முடியாது.

9. மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை

மூன்றாம் வாரத்தில் ஒரே ஒரு புதிய சாப்பாடு. நான்காம் வாரத்தில் இன்னொன்றும், முந்தையதன் மறுபதிப்பும். ஐந்தாம், ஆறாம் வாரங்களில் வாரத்துக்கு இரண்டு. இதற்கு மேல் வேண்டாம். மீதி நாள்களில் பழைய பதார்த்தங்களையே தயங்காமல் சமையுங்கள். புதியதைச் செய்வதற்கு நேரம் இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் 25 நிமிடச் சமையல் முதல் முறை 40 நிமிடம் பிடிக்கும்.

முடிவெடுக்கும் களைப்புள்ளவர்கள், நாள்தோறும் பதார்த்தத்தின் பெயரை எழுதாமல் வகையை மட்டும் எழுதுங்கள்: ஒரு நாள் சூப், ஒரு நாள் நூடுல்ஸ் அல்லது பாஸ்தா, ஒரு நாள் தட்டில் சுட்டது, ஒரு நாள் மிஞ்சியது. என் பழைய வாரப் பட்டியல்கள் தோற்றதற்குக் காரணம், அவை ஏழு நாளுக்கும் பெயர் குறித்து, ஒரு நாள் தவறினாலே முழுவதும் சரிந்துவிடும்படி இருந்ததுதான். இப்போது ஐந்து நாளுக்கு மட்டும் வகை எழுதுகிறேன். இரண்டு நாளைக் காலியாக விடுகிறேன். கடைக்குப் போகும் பட்டியலையும் இந்தத் தாளின் மறுபக்கத்திலேயே எழுதுங்கள்.

ஒவ்வொரு புதிய சாப்பாட்டுக்கும் நேராக, மறுபடி செய்யலாம், மாற்றிச் செய்யலாம், வேண்டாம் என்ற மூன்றில் ஒன்றை அன்றிரவே குறித்துவிடுங்கள். மாற்றிச் செய்யலாம் என்று எழுதினால் எதை மாற்ற வேண்டும் என்பதையும் இரண்டு சொல்லில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் முதல் ஆறு வாரங்களில் முயன்ற ஆறில் மூன்று நிலைத்தன, இரண்டு திருத்தத்துக்குப் பின் நிலைத்தன, ஒன்று, வாழைப்பழத்தை வைத்து நான் கற்பனை செய்த ஒரு குழம்பு, தாளிலிருந்தே அடிக்கப்பட்டது. நிலைத்த ஐந்தையும் தனித் தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன். மாலையில் மூளை வேலைநிறுத்தம் செய்யும்போது கதவைத் திறந்தால் போதும்.